பாஸ்வேர்டு பூட்டோடு வந்த பழைய லேப்டாப்

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்த பணம் நேற்று ராத்திரிதான் கணக்கில் ஏறியது. இனி யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

தம்பி கல்லூரிக்காக ஆன்லைனில் ஒரு பழைய திங்க்பேட் வாங்கினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். தங்கச்சிமடத்தில் எங்களை மாதிரி விசைப்படகு வருமானத்தை நம்பிய வீடுகள் அந்த 61 நாளையும் கையிருப்பை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அதிலிருந்து எடுத்த காசு இது. பார்சல் சொன்ன நாளில் வந்தது. பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரை, பாஸ்வேர்டு கேட்கிறது.

விண்டோஸ் வந்த பிறகு பாஸ்வேர்டு கேட்டால் பெரிதாகப் பயப்பட வேண்டாம், பென்டிரைவ் வைத்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிடலாம். எங்களுக்கு வந்தது விண்டோஸுக்கு முன்னாலேயே நிற்கும் பயாஸ் பூட்டு. பயாஸ் என்பது ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள். அதற்கு ஹார்டு டிஸ்க்கை மாற்றியும் பயனில்லை.

விற்றவரிடம் கேட்டால், "பக்கத்துக் கடையில் குடுத்து சிமோஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டுங்க மேடம், போயிடும்" என்றார். போர்டில் இருக்கும் சின்ன பேட்டரியைச் சொல்கிறார். பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் போனேன். முதல் கடையில் எதுவும் கேட்காமலே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அடுத்த கடை அண்ணன் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஏதோ கம்பெனியின் ஸ்டிக்கர், பாதி சுரண்டியிருந்தது.

"ஏம்மா, இத யாரையும் திறக்க விடாதீங்க. வெறும் பவர் ஆன் பாஸ்வேர்டுன்னா பேட்டரியக் கழட்டினா போகலாம். கம்பெனி மிஷின்ல பயாஸ் செட்டிங்கையே பூட்டுற சூப்பர்வைசர் பாஸ்வேர்டும் போட்டிருப்பாங்க. அது போர்டுல தனி சிப்புல இருக்கும், பேட்டரிக்கெல்லாம் போகாது. போர்டையே மாத்தணும். திறந்த அடையாளம் தெரிஞ்சா ரிட்டர்னும் எடுக்க மாட்டாங்க. பில்லுல சீரியல் நம்பர் இருக்கா?"

இல்லை. 'பழைய லேப்டாப் 1' என்று மட்டும் இருந்தது. திருட்டுப் பொருளாக இருந்தால் நாளைக்கு நாம் எதைக் காட்டுவது? அந்த அண்ணன் காசும் வாங்கவில்லை.

தளத்தில் ரிட்டர்ன் போட்டேன். அதன் பிறகுதான் உண்மையான அலைச்சல். விற்றவர் "பழைய ஓனரிடம் பாஸ்வேர்டு கேட்டுச் சொல்றேன், ரிட்டர்னை கேன்சல் பண்ணுங்க" என்று தினமும் செய்தி அனுப்பினார். ரிட்டர்ன் கெடு முடியும்வரை இழுக்கும் வேலை இது. தயவுசெய்து யாரும் கேன்சல் செய்துவிடாதீர்கள். கஸ்டமர் கேரில் "பாஸ்வேர்டு சாஃப்ட்வேர் பிரச்சினை, ரிட்டர்னில் வராது" என்றார்கள். அந்தப் பதில் இப்போதும் எரிகிறது. திறக்கவே முடியாத பொருளை விற்றுவிட்டு இப்படிப் பேச எப்படி மனசு வருகிறது?

2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி இந்த மாதிரித் தளங்கள் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் போட்டிருக்க வேண்டும். புகாரை அவர் 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பார்சல் பிரித்த வீடியோ, பூட்டுத் திரை, சுரண்டிய ஸ்டிக்கர், பில் எல்லாவற்றையும் அவருக்கு அனுப்பினேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்து, அந்தப் புகார் எண்ணையும் சேர்த்து எழுதினேன். பேச்சின் தொனியே மாறியது, ரிட்டர்ன் ஒப்புக்கொண்டார்கள்.

அதிலும் ஒரு வம்பு. நான் வீட்டிலேயே இருக்க, 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று பிக்கப்பை முடித்துவிட்டார்கள். அழைப்பே வராத போன் பதிவைப் படமெடுத்து அனுப்பினேன், மறுபடி ஆள் வந்தார். அவர் முன்னாலேயே லேப்டாப்பைப் போட்டுக்காட்டி, சீரியல் நம்பர் எழுதிய ரசீது வாங்கிய பிறகுதான் கொடுத்தேன்.

அவர்கள் மசியாவிட்டால் ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக எழுதியே வைத்திருந்தேன். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்தில் புகார் கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

தம்பிக்கு வேறொன்று பார்க்கிறோம். ஆஃப் செய்த நிலையிலிருந்து ஆன் செய்து, பயாஸுக்குள் போய், சீரியல் நம்பரையும் காட்டும் வீடியோ கேட்டிருக்கிறேன். அதே நம்பர் பில்லிலும் வந்தால்தான் பணம்.