காலிலிருந்து தொடங்கும் கோழி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் படம் வரைய வந்து உட்காருவார்கள். காவிரியின் கிளையான குடமுருட்டி ஆற்றுத் தண்ணீர் பாயும் ஊர் எங்களுடையது. கோழி வளர்க்காத வீடு தெருவில் இரண்டோ மூன்றோதான். இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் முதல் நாள், "ஒரு வாத்து போடுங்க பாப்போம்" என்றேன். அத்தனை பேரும் 2 போட்டார்கள். 2-க்கு ஒரு வயிறு, மஞ்சள் மூக்கு, அடியில் நீல அலை. கால் ஒருத்தரும் போடவில்லை. கேட்டதற்கு, "அது தண்ணிக்குள்ள இருக்கு அத்தை" என்றாள் ஒருத்தி.

மனசு கஷ்டமாகிவிட்டது. பிள்ளைகள்மேல் குறையில்லை, நாம்தான் ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்படிப் பழக்கியிருக்கிறோம். இந்தத் திண்ணையில் பறவை என்றால் காலிலிருந்துதான் தொடங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த வாரம் பேப்பரே கொடுக்கவில்லை. வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனேன். முதல் நாள் ராத்திரி மழை பெய்து வண்டல் பதமாக இருந்தது. காவிரி வண்டலில் ஒரு கால் பதிந்தால் நகம்வரைக்கும் தெரியும். கோழிக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. வாத்துக்கு முன்விரல் மூன்றையும் சவ்வு சேர்த்துக் கட்டியிருப்பதால் விசிறி மாதிரி விழுந்திருந்தது. அதன் பின்விரல் சின்னது, கொஞ்சம் மேலே ஏறி இருக்கும். சில தடத்தில் மட்டும் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. பிள்ளைகள் ஈர்க்குச்சி ஒடித்து, தடத்துக்குப் பக்கத்திலேயே சேற்றில் வரைந்தார்கள். தினம் வாசலில் கோலம் போடும் இரண்டு பெண்களுக்குக் கை நடுங்கவே இல்லை.

கால் மடங்கும் இடம்தான் எல்லாருக்கும் சிக்கல். "கோழிக்கு முட்டி ஏன் பின்னால மடங்குது?" என்று கேட்டான் நான்காவது படிக்கும் பையன். எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். குதிகாலைத் தூக்கி விரலில் மட்டும் நடங்கள் என்றேன். நாலு அடி நடந்ததும் அவனே, "அத்தை, அது முட்டி இல்ல, குதிகால்!" என்று கத்தினான். ஆமாம். கோழியின் முட்டி இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரிகிற செதில் போர்த்த தண்டு அதன் பாதத்தில் சேர்ந்தது. இது புரிந்தபின் அவர்கள் போட்ட கோழிகள் தரையில் ஊன்றி நின்றன. அதுவரை ரெண்டு குச்சியில் தொங்கிக்கொண்டிருந்தன.

மேய்கிற கோழி நிற்காது. அதனால் ஒரு தாளில் மூன்று படம் தொடங்கச் சொல்வேன்: குனிந்தது, நிமிர்ந்தது, கிளறுவது. கொஞ்சம் நொய் இறைத்துவிட்டால் அதே நிலைக்குத் திரும்பத் திரும்ப வரும். வரும்போது அந்தப் படத்துக்குத் தாவிக்கொள்ளலாம். ரப்பர் கிடையாது.

அடைக்கோழி கிடைத்தால் அதைவிட நல்ல மாதிரி இல்லை. 21 நாள் இடத்தைவிட்டு அதிகம் நகராது. எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு செவலைப் பெட்டை அடைக்கு உட்கார்ந்தபோது, இரண்டு இரண்டு பேராக அனுப்பினேன். தள்ளி உட்காரணும், பேசக் கூடாது, பெட்டை கொரகொரத்தால் எழுந்து வந்துவிடணும். மூன்றாவது படிக்கும் பெண் திரும்பி வந்து, "கால் தெரியலையே அத்தை, நான் எங்கேருந்து தொடங்குறது?" என்றாள். "எங்க மடக்கி வச்சிருக்கும்னு நெனைச்சுப் பாத்துட்டுப் போடு" என்றேன். அரைமணி நேரம் கழித்து அவள் காட்டிய படத்தில் கால் இல்லை. ஆனால் உடம்பு இரண்டு பக்கமும் எங்கே புடைக்க வேண்டுமோ அங்கே புடைத்திருந்தது. அந்தத் தாளை நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

புரட்டாசியில் குறுவை அறுத்த வயலுக்கு வாத்துப் பட்டி வந்தது. தாளடி நடுவதற்குள் சிந்தின நெல்லும் நத்தையும் தின்ன விடுவார்கள். நூற்றுக்கணக்கில் வாத்து, அதில் முக்கால்வாசி பழுப்பு. மேய்க்கிற அண்ணன் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "வால்ல ரெண்டு இறகு சுருண்டிருக்கு பாருங்க, இது ஆண்" என்று காட்டினார். ஆணுக்குத் தொண்டை கம்மும், ஓங்கிக் கத்துவதெல்லாம் பெட்டைதான் என்பதும் அவர் சொல்லித்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆண் வாத்தின் கழுத்துப் பச்சைக்குக் கிரேயான் பெட்டியில் நிறம் இல்லை. பச்சை தேய்த்து, அதன்மேல் கறுப்பு அழுத்தி, ஊசியால் கீறினோம். கிட்டத்தட்ட வந்தது.

அந்த வாத்தையே ஒரு பையன் பள்ளிப் போட்டியில் வரைந்தான். வாத்து வெள்ளையாக இருக்க வேண்டும் என்று மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். இன்னும் எனக்கு ஆறவில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இதே தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் ஓவியர்களை வைத்துப் பறவைகளையும் மிருகங்களையும் உள்ளது உள்ளபடி வரையவைத்தார். அந்தச் சீமையில் ஒரு பிள்ளை பழுப்பு வாத்தைப் பழுப்பாக வரைந்தது தப்பாகிவிட்டது. அவனிடம், "நீ பாத்ததுதான் சரி, அடுத்த தடவையும் பழுப்பே பூசு" என்று சொல்லியிருக்கிறேன். புள்ளியை இணைத்துக் கோழி வரைகிற புத்தகம் வாங்கித் தருகிற பெற்றோர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து வேண்டாம். அந்தக் காசுக்கு ரெண்டு வெள்ளை நோட்டு வாங்கிக் கொடுங்கள்.

இப்போது மேலத்தெருவில் யாரோ கினிக்கோழி வாங்கிவந்திருக்கிறார்கள். உடம்பு முழுக்கக் கருஞ்சாம்பல், அதில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. கறுப்புப் பூசினால் பொட்டு போய்விடுகிறது, பொட்டைச் சுற்றிப் பூசப் பொறுமை இல்லை என்று பிள்ளைகள் அலுத்துக்கொண்டார்கள். போன ஞாயிறு ஒருத்தி வீட்டிலிருந்து சிலேட்டும் ஒரு டம்ளர் கோலமாவும் எடுத்துவந்தாள். சிலேட்டில் சுண்ணாம்புக்கட்டியால் முதலில் காலைப் போட்டாள், பிறகு உடம்பின் கோடு. கடைசியாக மாவை விரலிடுக்கில் எடுத்து, கழுத்திலிருந்து ஒவ்வொரு பொட்டாக வைத்துக்கொண்டு வந்தாள். வால்பக்கம் போகும்போது காற்று அடித்தது. மற்ற பிள்ளைகள் சுற்றிக் குனிந்து கையால் மறைத்துக்கொண்டார்கள்.