ஏ.என்.ஏ. பரிசோதனை: கிட் மாறியபோது நாங்கள் செய்தவை

லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்குவது) இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் டாக்டர்கள் முதலில் கேட்பது, சொந்த செல்லின் கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஏ.என்.ஏ. பரிசோதனையைத்தான். எங்கள் ஆய்வகத்தில் அதன் கிட்டை, அதாவது பரிசோதனைக்கான பொருள்களின் தொகுப்பை, மாற்ற வேண்டி வந்தது. சர்க்கரை அளவு மாதிரி மெஷின் எண்ணைக் கொடுத்துவிடும் வேலை இல்லை இது. ஹெப்-2 என்ற, ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல்கள் ஒட்டிய ஸ்லைடில் நோயாளியின் சீரத்தை (ரத்தத்தின் தெளிநீரை) விட்டு, கழுவி, எதிர்ப்பொருள்மேல் ஒட்டிக்கொள்ளும், ஒளிரும் சாயம் சேர்த்த கன்ஜுகேட்டை விட்டு, மறுபடி கழுவி, இருட்டறையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எடுத்து வைத்திருந்த பழைய சீரங்களைப் புதிய கிட்டில் போட்டுப் பார்த்தோம். பாசிட்டிவ், நெகட்டிவ் பெரும்பாலும் ஒத்துப்போயின. டைட்டர்தான், அதாவது சீரத்தை எவ்வளவு நீர்க்கச் செய்த பின்னும் ஒளிர்வு தெரிகிறது என்ற அளவுதான், படுத்தியது. முன்பு 1:160 என்று கொடுத்த சீரம் இப்போது 1:640 காட்டியது. ஒரு படி, அதாவது இரண்டு மடங்கு, ஏறி இறங்குவது இந்த முறையில் சகஜம். இரண்டு படி என்றால் காரணம் தேடியே ஆக வேண்டும். பழைய அளவுகள் ஓடி ஓடி மங்கிய மெர்குரி விளக்கில் படித்தவை, புதியவை எல்.இ.டி.யில் படித்தவை. இரண்டு கிட்டையும் ஒரே நாளில், ஒரே விளக்கில் படித்ததும் இடைவெளி பெருமளவு குறைந்தது.

அப்புறம் பேட்டர்ன், அதாவது செல்லில் ஒளிர்வு எந்த வடிவில் தெரிகிறது என்பது. உலகம் முழுக்க ஒரே பெயரில் சொல்ல வேண்டும் என்றுதான் 2014-இல் ஐகேப் என்ற பன்னாட்டு முயற்சி தொடங்கி, ஒவ்வொரு பேட்டர்னுக்கும் ஏ.சி. எண் கொடுத்தார்கள். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் படித்தோம். அதிகம் முரண்பட்டது ஏ.சி.-1, ஏ.சி.-2 இரண்டிலும்தான். இரண்டிலும் பிரியும் செல்லின் குரோமோசோம் பட்டை பளிச்சென்று ஒளிரும். பிரியாத செல்லின் கருவில்தான் வித்தியாசம்: ஏ.சி.-1 மழமழவென்று சீராக இருக்கும், ஏ.சி.-2 பொடிப் பொடியாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து. ஏ.சி.-1 லூபஸில் அடிக்கடி வருவது, ஏ.சி.-2 நோயே இல்லாதவர்களிடமும் நிறையக் காணப்படுவது.

வெறும் ‘பாசிட்டிவ்’ என்று எழுதுவதையும் நிறுத்திவிட்டோம். 1997-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் ஆரோக்கியமானவர்களிலேயே 1:40-இல் 31.7 சதவீதம் பேருக்கும், 1:80-இல் 13.3 சதவீதம் பேருக்கும் பாசிட்டிவ் வந்தது. அந்த ஒரு வார்த்தையை வீட்டில் வைத்துக்கொண்டு எத்தனை பேர் தூக்கம் கெட்டிருப்பார்கள்! இப்போது முறை, டைட்டர், ஏ.சி. எண் மூன்றும் ரிப்போர்ட்டில் இருக்கும்.

இரட்டை இழை டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருளை அளக்கும் ஆன்டி-டி.எஸ்.டி.என்.ஏ. பரிசோதனை இன்னும் சிக்கல்தான். எலைசா (நிற மாற்றத்தை மெஷின் அளந்து எண் தரும் முறை) கிட்டுகளில் சர்வதேச அலகு என்றே போட்டிருந்தாலும், ஒரே சீரத்துக்குக் கிட்டுக்குக் கிட் அளவு மாறுகிறது. லூபஸ் நோயாளிக்கு அந்த அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது மருந்தை முடிவு செய்யும்போது பார்க்கப்படும் விஷயம். அதனால் தொடர்ந்து வருபவர்களுக்கு, கிட் மாறிய பின் வரும் முதல் தடவை மட்டும், பழையது புதியது இரண்டிலும் செய்து இரண்டு அளவையும் சேர்த்தே கொடுக்கிறோம்.