கட்டத்தின் தலையில் ஒரு எண்

ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கும் யூனிட்டில், எந்த வேலை எங்கே நிற்கிறது என்று காட்டும் வேலைப் பலகை மாட்ட அரை மணி நேரம் போதும். நான்கடிக்கு மூன்றடி வெள்ளைப் பலகை, கறுப்பு டேப் ஒட்டி ஆறு கட்டம்: வரிசை, கட்டிங், ஸ்கைவிங் (தோல் ஓரத்தை மெலிதாக்குவது), தையல், செக்கிங், முடிந்தது. ஒரு லாட்டுக்கு, அதாவது ஒன்றாகச் செய்யும் ஒரு தொகுதிக்கு, ஒரு அட்டை. அதில் ஆர்ட்டிகிள் (மாடல்) எண், கலர், ஜோடிக் கணக்கு, ஆரம்பித்த தேதி, கொடுக்க வேண்டிய தேதி. பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கட்டத்தின் தலையில் எண் எழுதாத பலகை, சுவரில் போட்ட கோலம்தான்.

எண் என்றால், அந்தக் கட்டத்தில் ஒரே நேரத்தில் எத்தனை லாட் இருக்கலாம் என்ற உச்சவரம்பு. கட்டிங் 2, ஸ்கைவிங் 1, தையல் 3, செக்கிங் 1 என்று ஆரம்பிக்கலாம். லாட்டுக்கு 60 ஜோடி என்றால் உள்ளே இருப்பது 420 ஜோடி. நாளுக்கு 120 ஜோடி வெளியே போனால், ஒரு லாட் உள்ளே நுழைந்து வெளியேற சராசரியாக மூன்றரை நாள். அதே ஆட்களை வைத்துக்கொண்டு 15 லாட்டைத் திறந்துவிட்டால் ஏழரை நாள். 1961-ல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் நிரூபித்த கணக்கு இது. ஆம்பூருக்கும் அதே கணக்குதான்.

நாள் கூடுவதை விட மோசமானது ஒன்று உண்டு. ஸ்கைவிங்கில் ஓரம் தடிமனாக நின்றுவிட்டால், அது மடித்துத் தைக்கும்போதுதான் தெரியும். இடையில் ஒரு லாட் இருந்தால் 60 ஜோடியோடு போகும். ஐந்து லாட் குவிந்திருந்தால் 300 ஜோடியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜோடிக்கு 12 துண்டு என்றால் 3,600 துண்டு! ஒரே ஆர்ட்டிகிளில் இரண்டு லாட் கலந்தால் ஷேடும் மாறும். இடதுகால் ஒரு பிரவுன், வலதுகால் வேறு பிரவுன்.

தையல்காரரை கறுப்பு லாட்டிலிருந்து டான் (இளம்பழுப்பு) லாட்டுக்கு மாற்றி, மதியம் திரும்பக் கறுப்புக்கு இழுப்பதும் இதே கதை. ஒவ்வொரு முறையும் நூல், பாபின், சில சமயம் ஊசி, டென்ஷன், கழிவுத் தோலில் ஒரு டிரையல். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஒரு மெஷினுக்கு ஒரு லாட், முடியும் வரை.

ஐலெட் (கயிறு கோக்கும் துளை வளையம்) வரவில்லை, லைனிங் குறைகிறது என்று லாட் நின்றால் அட்டை மேல் சிவப்புக் காந்தம். ஆனால் அட்டை அதே கட்டத்தில்தான் இருக்க வேண்டும், எண்ணிலும் சேரும். 'காத்திருப்பு' என்று தனிக் கட்டம் போட்டால் அது கோடவுன் ஆகிவிடும். நூல், லைனிங், ஐலெட், தோல் வெட்டும் டை எல்லாம் கைக்கு வராமல் கட்டிங்கை ஆரம்பிக்காமல் இருந்தாலே பாதிச் சிவப்பு குறையும். அவசரத்துக்கு ஒரே ஒரு மஞ்சள் அட்டை. இரண்டாவது அவசரம் வந்தால் முதலாவது முடியட்டும்.

எண் உடைவது பெரும்பாலும் கூலியில்தான். பீஸ் ரேட்டில் (செய்த எண்ணிக்கைக்குக் கூலி) இருக்கும் கட்டிங் ஆளிடம் "கட்டம் நிரம்பிவிட்டது, நிறுத்துங்கண்ணே" என்றால் அவருக்கு நஷ்டம். அடுத்த தோலை விரிக்கத்தான் செய்வார். அந்த நேரத்தில் நூல் வெட்டவோ செக்கிங்குக்கோ வந்தால் மணிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி, அந்தத் தொகையையும் பலகையின் ஓரத்தில் எழுதி வைக்க வேண்டும்.