பரங்கிமலையும் ஒரு பழுப்புக் கவரும்

2024 தவக்காலத்தின் ஐந்தாவது வெள்ளி, மார்ச் 15. அம்மாவைக் கூட்டிக்கொண்டு பரங்கிமலைக்குப் போனேன். மேலே வரைக்கும் வண்டி போகும். ஆனால் சிலுவைப்பாதை அன்றைக்கு வண்டியில் ஏறுவது அம்மாவுக்கு ஆகாது. "அவரு சிலுவையைத் தூக்கிக்கிட்டு நடந்தாரு, நமக்கு ஆட்டோவா?" முழங்காலில் தைலம் தேய்த்து, காலையில் கஞ்சி மட்டும் குடித்துவிட்டு வந்திருந்தார்.

படிகள் 130-க்கு மேல். ஓரமாக 14 ஸ்தலங்கள், இயேசு சிலுவை சுமந்த வழியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726-ஆம் ஆண்டுவாக்கில் கைக்காசு போட்டுக் கட்டிக்கொடுத்த படிகள் இவை. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் இருந்த பழைய மர்மலாங் பாலமும் அவர் கொடுத்ததுதான். கொடுத்தவர் யார், எதற்குக் கொடுத்தார் என்று முந்நூறு வருடம் கழித்தும் ஊருக்குத் தெரிகிறது. எனக்கு அன்றைக்கு இது ஏன் உறைத்தது என்றால், சட்டைப்பையில் இருந்த போன்தான் காரணம்.

முந்தின நாள் சாயங்காலம்தான் தேர்தல் ஆணையம் தேர்தல் பத்திரப் பட்டியலைத் தன் தளத்தில் போட்டிருந்தது. கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க ஸ்டேட் வங்கியில் வாங்கிய பத்திரங்கள் அவை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு மறுநாள், பிப்ரவரி 15-இல், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திட்டமே செல்லாது என்று சொல்லிவிட்டது. விவரங்களைக் கொடுக்க ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது, கிடைக்கவில்லை. கட்சிக்குப் பணம் கொடுத்தவர் பேர் பத்திரத்தில் இருக்காது. ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி வரை வாங்கலாம் என்றிருந்தது, பதினைந்து நாளுக்குள் கட்சி அதைப் பணமாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அதில் பெரிய தொகைக்கு வாங்கியது கோயம்புத்தூர் லாட்டரி அதிபரின் நிறுவனம், 1,368 கோடி. யார் கொடுத்தது ஒரு பட்டியல், எந்தக் கட்சி வாங்கியது இன்னொரு பட்டியல். யார் பணம் யாருக்குப் போனது என்று அன்றைக்கு இன்னும் தெரியவில்லை. அதனாலேயே வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

"எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" என்று கூட்டம் சொல்லும்போது என் வாயும் சொன்னது. கட்டைவிரல் மட்டும் பட்டியலைத் தள்ளிக்கொண்டே இருந்தது. மூன்றாம் ஸ்தலம், இயேசு முதல் தடவை கீழே விழுகிறார். எனக்கோ அடுத்த பக்கத்தில் எந்தக் கம்பெனி என்ற ஆவல். தவக்காலத்துக்குக் கறியை விட்டிருந்தேன், டீயை விட்டிருந்தேன். அடுத்தவன் மாட்டிக்கொண்டதைப் பார்த்து ஊறும் எச்சிலை விட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஏழாம் ஸ்தலத்தில் அம்மா மூச்சு வாங்க உட்கார்ந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டார்: "அதுல உன் பேரும் இருக்கா?"

சும்மா கேட்டிருக்கலாம். எனக்குச் சுருக்கென்றது.

முன்பு ஒரு தேர்தலில் வீட்டுக்கு ஒரு பழுப்புக் கவர் வந்தது. எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டாம், எல்லாரும் கொடுத்த வருடம்தான். கவர் மேல் பேர் இல்லை, ஓட்டு எண்ணிக்கை மட்டும் பென்சிலில்: 4. உள்ளே நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். நான் வாங்கினேன். வாங்காவிட்டால் நடுவில் இருப்பவன் அமுக்கிவிடுவான் என்று நியாயம் வேறு. அந்த ஞாயிறு கோயில் உண்டியலில் அதில் ஒரு நோட்டைப் போட்டேன். மூன்றை வைத்துக்கொண்டேன். எத்தனையோ தடவை பங்குச் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன், இதை மட்டும் சொன்னதில்லை. பாவம் என்றே தோன்றவில்லையோ என்னவோ.

மலை உச்சியில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. 1547-இல் கிடைத்த அந்தப் பழைய கற்சிலுவை பீடத்தில் இருக்கிறது, சுற்றிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து. அம்மா அதன் முன்னால் முழந்தாளிட்டு எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. நான் வெளியே மதில் ஓரம் நின்றேன். கீழே மீனம்பாக்கம் ஓடுதளம் நன்றாகத் தெரியும். நகரம் முழுக்கக் கண்ணுக்குள் அடங்குகிற இடம். இயேசுவை உயரமான இடத்துக்குக் கூட்டிப்போய் உலகத்து அரசுகளையெல்லாம் ஒரே நொடியில் காட்டுகிறான் அலகை, அதாவது சாத்தான். லூக்கா தன் நற்செய்தியில் எழுதியதில் என்னை எப்போதும் உறுத்தும் வரி அவன் பேசுவதுதான்: இதெல்லாம் என் வசம் இருக்கிறது, எனக்கு இஷ்டப்பட்டவனுக்குக் கொடுப்பேன். அசல் தரகன் பேச்சு. அந்த வருடம் தவக்கால முதல் ஞாயிறு வாசகம் மாற்கு எழுதியது, அவர் இந்தப் பேரம் எதையும் சொல்லவில்லை. பாலைவனம், நாற்பது நாள், காட்டு விலங்குகள், வானதூதர்கள் என்று சுருக்கமாக முடித்துவிடுகிறார்.

பத்திரமே வாங்கவில்லை என்று சொன்ன ஒரு கட்சியும் இருந்தது, வழக்குப் போட்டவர்களில் அவர்களும் உண்டு: மார்க்சிஸ்ட்டுகள். கடவுளை நம்பாதவர்கள். இதைச் சொன்னால் எங்கள் பங்குக் கோயிலில் சிலருக்குக் கோபம் வரும்.

ஓரமாக ஒரு சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றேன். கவரைச் சொன்னேன், வைத்துக்கொண்ட மூன்று நோட்டையும் சொன்னேன், படியில் பார்த்த பட்டியலையும் சொன்னேன். எந்தக் கட்சி என்று அவர் கேட்கவில்லை. பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே ஜெபம், பிறகு, "எலெக்‌ஷன் வரப்போகுதே, அப்ப பாருங்க" என்றார்.

மறுநாளே தேதி வந்துவிட்டது. தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19.

ஏப்ரலில் ஒருநாள் ராத்திரி ஒன்பதரைக்குக் கதவு தட்டினார்கள். தெரு முனையில் கேரம் ஆடும் பையன்தான், இன்னொருவன் கையில் நோட்டுப் புத்தகம். "அண்ணே, நாலு ஓட்டுதானே?"

சோதித்து முடித்த அலகை சமயம் வரும்வரை விலகிப்போனது என்றுதான் லூக்கா முடிக்கிறார்.

"வேணாம்பா" என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று அம்மாவுக்குத் தெரியும். உள்ளே ஜெபமாலை உருளும் சத்தம் அதுவரை நின்றிருந்தது.