வெண்கட்டியும் கணித சேரும்

கணித சேர் காலமான செய்தி ரொறன்ரோவுக்கு வந்த நாளில், நம் பழைய மாணவர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அவருடைய பிரம்பைப் பற்றியும் மூன்றாம் பாடவேளையைப் பற்றியும் எழுதித் தள்ளினார்கள். அவருடைய ஆகஸ்ட் கணினி முகாமை ஒருவரும் நினைவுகூரவில்லை. அதில் அதிகம் அவமானப்பட்டவன் என்ற உரிமையில் அதை நானே எழுதுகிறேன்.

அது 1995 ஆம் ஆண்டு. ஏப்ரல் 19 ஆம் திகதி நம் திருகோணமலைத் துறைமுகத்தில் இரண்டு கடற்படைப் பீரங்கிப் படகுகள் மூழ்கடிக்கப்பட்டதோடு போர் மீண்டும் மூண்டிருந்தது. விடுமுறையில் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கக் கூடாது என்று, இரவல் வாங்கிய ஒரேயொரு 386 கணினியை நம்பி சேர் முகாமைத் தொடங்கினார். கொழும்பில் மாமா வீட்டில் நின்று கணினி படித்து வந்த உயர்தர மாணவன் என்பதால், ஆண்டு எட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நான் விண்டோஸ் 3.1 ஐத் திறந்து, படங்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கி, பிள்ளைகள் வாய் பிளந்து நிற்க, இதுதான் பணிசெயல் முறைமை, கணினியையே இயக்கும் அடிப்படை மென்பொருள் என்று அறிவித்தேன். பின்னால் நின்ற சேர், “அதை மூடும்” என்றார். மூடினேன். கறுப்புத் திரையில் சி என்ற எழுத்தும், அதன் அருகே மின்னி மின்னி மறையும் சிறு கோடும் மட்டும் மிஞ்சின. “இவ்வளவு நேரமும் நீர் காட்டினது வாசல் கோலம், தம்பி. வீட்டுக்காரர் இந்தக் கறுப்புத் திரையில் இருக்கிற டொஸ், அதுதான் பணிசெயல் முறைமை. அவரை எழுப்பாமல் உம்முடைய விண்டோஸ் எழும்பாது” என்றவர், கற்பித்தது போதும் என்று என்னையும் அந்தப் பிள்ளைகளோடு, முழங்கால் நெஞ்சில் முட்டும் தாழ்ந்த வாங்கில் இருத்திவிட்டார். பக்கத்தில் இருந்த சின்னவன் இரக்கப்பட்டுத் தன் கொப்பியை எனக்கும் தெரியும்படி நகர்த்தி வைத்தான். அந்த இரக்கம்தான் சேரின் சொல்லைவிடச் சுட்டது.

அப்போது பார்த்து மின்சாரம் போயிற்று. கச்சான் காற்றில் சன்னல்கள் அடித்துக்கொள்ள, சேர் ஐந்து பேரைக் கரும்பலகைக்கு அழைத்து ஆளுக்கொரு நீண்ட பெருக்கல் கணக்கைக் கொடுத்தார், வெண்கட்டியோ ஒன்றுதான். எழுதுகிறவர் சில இலக்கங்களை எழுதியதும், நிறுத்திய இடத்தைக் குறித்துவைத்துவிட்டு, வெண்கட்டியை அடுத்தவரிடம் தாமாகவே கொடுக்க வேண்டும். நான்காவது பையன் கொடுக்க மறுத்தான். ஐந்து கணக்கும் நின்றன. வெண்கட்டிதான் கணினியின் மூளை, கணக்குகள் அதைப் பங்கிட்டு ஓடும் நிரல்கள், விண்டோஸ் 3.1 தொங்கி நிற்பது இப்படித்தான், ஒரு நிரல் விட்டுக்கொடுக்காவிட்டால் அதனிடமிருந்து பறிக்க விண்டோஸுக்கு வழியில்லை என்று சொன்ன சேர், அடுத்த சுற்றில் தாமே கைதட்டி வெண்கட்டியைப் பறித்துப் பறித்துக் கொடுத்தார். யுனிக்ஸ் என்ற இன்னொரு பணிசெயல் முறைமை செய்வது இதைத்தான் என்றார். இந்தப் பறிக்கும் அதிகாரத்தைப் புதிய நிரல்களின் மீதாவது பெற்றுக்கொண்டு விண்டோஸ் 95 அதே ஆகஸ்ட் 24 ஆம் திகதி விற்பனைக்கு வந்ததும், வெளிநாடுகளில் நள்ளிரவில் சனம் அதற்கு வரிசையில் நின்றதும் எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தன. திருகோணமலையில் நாங்கள் வேறு வரிசைகளில் நின்றுகொண்டிருந்தோம்.

இன்று சேவையகங்களைப் பராமரித்துத்தான் என் வீட்டில் அடுப்பெரிகிறது. நேர்முகத் தேர்வில் செயல்முறைத் திட்டமிடலைப் பற்றி, அதாவது எந்த நிரலுக்கு எப்போது முறை என்று கணினி தீர்மானிப்பதைப் பற்றிக் கேட்டார்கள். நான் வெண்கட்டிக் கதையை ஆங்கிலத்தில் சொன்னேன், வேலை கிடைத்தது. சேருக்கு அதை எழுதியபோது, கதையில் அந்த வாங்கும் வந்ததா என்று கேட்டு அவர் பதில் போட்டிருந்தார்.

போர்நிறுத்தக் காலத்தில், 2003 இல், ஊருக்குப் போயிருந்தேன். தேநீரை ஆற்றிக் கையில் தந்த சேர், “ஒரு ஆகஸ்டுக்கு லீவு போட்டுக்கொண்டு வாருமன், பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லித் தருவம்” என்றார். அடுத்த வருடம் என்றேன். அதன் பிறகு ஆகஸ்ட் விடுப்புகள் வீட்டுக் கடனுக்கும் பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்குமாகக் கரைந்தன. சங்கம் மடிக்கணினிகள் அனுப்பியபோது என் பங்கைப் பிந்தாமல் செலுத்தினேன். அவை வந்து சேர்ந்ததாக நன்றி எழுதிய சேர், படிப்பிக்க யார் வருகிறீர்கள் என்று கடைசி வரியில் கேட்டிருந்தார். அதற்கும் அடுத்த வருடம் என்றுதான் எழுதினேன்.