ஆயாக் கொட்டகை நூலகமான கதை

மலேசியாவில், சுங்கை சிப்புட்டை அடுத்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அம்மா பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போனபோது ஆயாவின் பார்வையில் நான் தொட்டிலில் கிடந்த இடம். அதை நூலகமாக்கக் கட்டடப் படம் வரையும் வேலை என்னிடமே வந்தது.

முதலில் தவறாக வரைந்தேன். அஞ்சடியை, அதாவது முன்னால் இருந்த ஐந்தடித் திறந்த தாழ்வாரத்தை, சுவர் எழுப்பி அடைத்து, குளிரூட்டி மாட்டினோம். பகலில் ஓடும், ராத்திரி நிறுத்திவிடுவோம். நிறுத்தியதும் ஈரக்காற்று புகுந்து, குளிர்ந்து கிடந்த சுவரிலும் அட்டையிலும் படிந்தது. மூன்றே மாதத்தில் சிறுவர் கதைப் புத்தகங்களின் முதுகில் சாம்பல் தூவியதுபோல் பூஞ்சணம். துடைத்தால் சாயமும் விரலோடு வந்தது. நன்கொடையாக வந்த இரண்டு பெட்டியை வீச வேண்டியதாயிற்று. இப்போதும் மனசு ஆறவில்லை.

வாசலோடு நின்றுவிட்ட ஒரு பாட்டியை உள்ளே கூப்பிட்டேன். "உள்ள புள்ளைங்க படிக்குதுங்க தம்பி. நாங்க எங்க உக்காந்து பேசறது? அஞ்சடிய ஏன் அடைச்சீங்க?" என்றார்.

அன்று ராத்திரியே படத்தை மாற்றினேன். சுவரை இடித்து, அஞ்சடியை எட்டடியாக்கி, கூரையை நீட்டி இறக்கினோம். வெயில் அதிகம் சுடுவது கிழக்கு, மேற்குச் சுவர்களைத்தான். சன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வைத்தோம். அலமாரிகள் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கின்றன. காற்று நகர்ந்துகொண்டே இருந்தால் பூஞ்சணம் லேசில் பிடிக்காது. பழைய சம்பளப் புத்தகங்களை மட்டும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு இறுக்கமான பெட்டியில் வைத்திருக்கிறோம்.

அலமாரிக்கு, மறுநடவுக்காக வெட்டிய பால்மரம். போரான் மருந்து ஏற்றாத பலகையை வண்டு மாவாக்கிவிடும். அதில் மிச்சம் பிடிக்கக்கூடாது. 120 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,200 லிட்டர். அதைத் தொட்டியில் பிடித்துக் கழிப்பறைக்கும் செடிக்கும் விடுகிறோம்.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இல்லையென்று அனுமதிப் படம் ஒருமுறை திரும்பி வந்தது. நியாயமான காரணம், சேர்த்தேன். பணம் ஒவ்வொரு வெள்ளியாக (ரிங்கிட்டாக) வந்தது. தோட்டத் தொழிலாளர்கள் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுக்குத் தங்கள் பெற்றோர் இப்படித்தான் பங்கு கட்டினார்கள் என்று சொல்லியே பெரியவர்கள் கொடுத்தார்கள்.

இப்போது சாயங்காலம் மழை பிடித்தால் பாட்டிமார் அஞ்சடி பெஞ்சில், பிள்ளைகள் உள்ளே. ராத்திரி உள்கதவை மட்டும் பூட்டுகிறோம். அஞ்சடிக்குக் கதவு வைக்கவில்லை.