மாஸ்டர் இப்போது கேரம் ஆடுகிறார்

நம் பள்ளிப் பழைய மாணவர் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குக் கால்பந்து மாஸ்டரைப் பற்றி எழுதித் தரும்படி செயற்குழு என்னைக் கேட்டபோது, இதில் ஏதோ குறும்பு இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவரிடம் கால்பந்து கற்றுக் கோப்பை தூக்கியவர்கள் துபாயிலும் டொராண்டோவிலும் இருக்கும்போது, அவர் ஓரத்தில் உட்கார வைத்தவனைப் போய் எழுதச் சொல்வானேன்? "பொங்கலுக்கு ஊருக்குப் போய் அவரை நேரில் பார்த்து வந்தவன் நீதானே" என்றார்கள். வாயடைத்துவிட்டது. பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். போட்டாலும் நம்மில் பாதிப் பேருக்கு யார் என்று தெரியப்போவதில்லை. மாஸ்டர் என்றால் மாஸ்டர்தான்.

லோகோ ரயில் பட்டறையின் சங்கு, மைதானத்துச் சேறு, ஊறவைத்த கொண்டைக்கடலை, அதை அளந்து போடும் அந்த அலுமினியக் குவளை. இவற்றை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவருடைய வசவுகளை மலரில் அச்சிடவும் முடியாது. ஆனால் மழை பிடித்துக்கொண்ட நாட்களில் சைக்கிள் ஷெட்டில் எங்களை ஒதுக்கி நிறுத்தி அவர் சொன்ன கதைகளைச் சொல்லியாக வேண்டும். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என்று வீழ்த்தியதையும், நெவில் டிசோசா மூன்று கோல் அடித்ததையும், பந்தைத் தள்ளிக் கொடுத்ததே தான்தான் என்பதுபோல் விவரிப்பார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக சைமன் சுந்தரராஜ் அடித்த கோலுக்கு வந்ததும் குரல் தழைந்துவிடும். அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் பக்கமே போகவில்லை. "அடுத்த கோலை எவன்டா அடிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்பார். நாங்கள் சேற்றைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

பூட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். 1985-ல் மூர் மார்க்கெட் எரிவதற்குச் சில மாதங்களுக்கு முன், அப்பா அங்கே பேரம் பேசி வாங்கித் தந்த பழைய பூட்ஸ் அது. அளவு ஒன்று பெரிது. நுனியில் துணி அடைத்துப் போட்டுக்கொள்வேன். மண்டல இறுதிப் போட்டியில் நான் லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன். முதல் ஷிஃப்ட் முடிந்து அப்பா சீருடையோடே வந்து கோட்டருகில் நின்றிருந்தார். இடைவேளை வரை கோல் எதுவும் விழவில்லை. எலுமிச்சைத் துண்டைக் கடித்துக்கொண்டிருந்த என்னிடம் மாஸ்டர் வந்து, "கழற்று" என்றார். புரியாமல் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றான். அவன் கால் என் காலைவிடப் பெரியது. எல்லோரும் பார்த்திருக்க, தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். ஈரத்தில் இறுகிய முடிச்சு லேசில் அவிழவில்லை. மாஸ்டரே குனிந்து இழுத்து அவிழ்த்தார். உள்ளே இருந்த துணி வெளியே வந்து விழுந்தது. அதைப் பார்த்து யாரோ சிரித்தார்கள்.

1-0 என்று வென்றோம். தலைமையாசிரியர் அறையில் தொங்கும் அந்தப் படத்தில் வலக்கோடியில் கட்டைவிரலை மடக்கிக்கொண்டு வெறுங்காலோடு நிற்பவன் நான்தான். ஏன் மாற்றினார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா டீ வாங்கித் தந்தார். அவரும் எதுவும் கேட்கவில்லை.

பொங்கல் முடிந்த வாரம் மாஸ்டரைத் தேடிப் போனேன். வீட்டில் இல்லை. "கிளப்புல இருப்பார்" என்று அவர் வீட்டம்மா கைகாட்டிய இடம், பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டை ஒட்டிய சந்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. நடுவில் கேரம் போர்டு. அதன் மேல் தாழத் தொங்கும் விளக்கு. எண்பதைத் தாண்டிய மாஸ்டர் பள்ளிச் சிறுமி ஒருத்தியோடு ஆடிக்கொண்டிருந்தார். காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று வந்ததிலிருந்து வடசென்னைப் பெண் பிள்ளைகளின் விரலில் தனி வேகம் வந்திருக்கிறது. அந்தச் சிறுமி ரெட் காயைப் போட்டு, ஃபாலோவையும் போட்டு ஆட்டத்தை முடித்தாள். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். அவருக்கு அத்தனை பல் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

மெல்பர்ன் செய்தியை ஆசையாகக் கொண்டு போயிருந்தேன். 1956-ல் கால்பந்து நடந்த ஒலிம்பிக் பார்க் அரங்கை இடித்துவிட்டார்கள்; அங்கே இப்போது ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பால் ஆடும் காலிங்வுட் அணி முட்டைப் பந்தை வைத்துக்கொண்டு பயிற்சி செய்கிறது; அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன் என்றேன். "அப்படியா?" என்று சொல்லிப் போர்டில் பவுடர் தூவினார்.

சென்னையின் எஃப்.சி. 2015-லும் 2018-லும் ஐ.எஸ்.எல். கோப்பை வென்றதையாவது பார்த்திருப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லையாம். டி.வி.யில் கால்பந்து வந்தால் எழுந்து போய்விடுவாராம்.

"பார்த்தால் கண் நேராக லெஃப்ட் பேக் எங்கே நிற்கிறான் என்று போகும். அப்புறம் ராத்திரி தூக்கம் வராது. இங்கே பார், நான் சொல்வதை ஒருவரும் கேட்பதில்லை. எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

எனக்கு அந்த நிம்மதி அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் நமக்கெல்லாம் இந்த வியாதி உண்டு. நாம் மட்டும் விமானம் ஏறிவிடுவோம். நமக்காக மைதானக் கோட்டில் ஒருவர் விசிலோடு நின்றுகொண்டே இருக்க வேண்டும். மைதானத்தில் பாதி இப்போது கட்டடமாகிவிட்டது என்பதைக் கூட அவர் வருத்தமில்லாமல்தான் சொன்னார். வருத்தம் முழுவதும் என் தலையில் விழுந்தது. அங்கேயே இருந்திருந்தால் ஒருவேளை எனக்கும் பழகியிருக்கும்.

கடைசியில் பூட்ஸ் கதையைக் கேட்டே விட்டேன். கண்ணை இடுக்கி யோசித்தார். போட்டி நினைவில்லை. கோப்பை நினைவில்லை. நானே அவ்வளவாக நினைவில்லை என்று தோன்றியது. பிறகு, "அவன் பூட்ஸைத் திருப்பிக் கொடுத்தானா?" என்று மிகுந்த அக்கறையோடு கேட்டார்.

"கொடுத்தான் மாஸ்டர். நுனி கிழிந்திருந்தது."

"பெரிய கால்" என்றார்.

செயற்குழுவின் கவனத்துக்கு ஒன்று. நாம் தீர்மானம் போட்ட பொன்னாடை, கேடயம் இரண்டையும் அவர் வேண்டாம் என்றுவிட்டார். செலவு செய்துதான் தீர வேண்டுமென்றால், ஒரு நல்ல போர்டும் நான்கு நாற்காலியும் கிளப்புக்கு வாங்கித் தரட்டும் என்றார். இப்போதுள்ள போர்டு ஒரு பக்கம் தாழ்ந்திருப்பது உண்மை, நானே பார்த்தேன்.

கிளம்பும்போது, "ஞாயிற்றுக்கிழமை டபுள்ஸுக்கு ஓர் ஆள் குறைகிறது, வருகிறாயா?" என்று கேட்டார். சனிக்கிழமை இரவே விமானம் என்றேன். "சரி சரி" என்று என் தோளைத் தட்டிவிட்டு, எதிரே இஸ்திரி வண்டி வைத்திருப்பவரைக் கை தட்டிக் கூப்பிட்டார்.